சுசீந்திரத்துக்குப் பைய போகணும்

சித்தி அம்பத்தூரிலிருந்து வருகிறாள் என்றதும் நான் செய்தது இரண்டே காரியம். முட்டுவலிக்காரி மாடி ஏற மாட்டாள் என்று கட்டிலைக் கீழே இறக்கினேன். மட்டிப்பழக் குலை ஒன்று வாங்கிப் பழுக்கப் போட்டேன். ஊர் சுற்றிக் காட்டுவதைப் பற்றி யோசிக்கவே இல்லை. சுசீந்திரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு நாகர்கோவில்காரன் புதிதாக எதைக் காட்டிவிட முடியும்?

கூட வந்த அவள் மகன், என் தம்பி, போனில் ஒரு பட்டியலே வைத்திருந்தான். காலை ஏழு மணி நாகராஜா கோவில், எட்டரைக்குப் பத்மநாபபுரம் அரண்மனை, பத்தரைக்குத் திருவட்டாறு, பன்னிரண்டுக்குச் சுசீந்திரம், மூன்று மணிக்குக் குமரி பகவதி, அப்புறம் படகு, வள்ளுவர் சிலை, கண்ணாடிப் பாலம், கடைசியில் சூரியன் மறைவது. "ஒரே நாள்ல முடிச்சிரலாம்ணா" என்றான். மறுநாள் திங்கள்கிழமை. சுசீந்திரம் கோவிலில் மார்கழித் திருவிழாவுக்குக் கொடியேறி இரண்டாம் நாள். இரண்டும் எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. வந்தவனிடம் முதல் நாளே தடை சொல்வானேன் என்ற சங்கோஜம்தான்.

நாகராஜா கோவில் நன்றாகவே போயிற்று. ஊருக்கே பேர் கொடுத்த கோவில், அதன் கருவறைக்கு மேலே இன்னும் ஓலைக்கூரைதான், வருஷா வருஷம் ஆடியில் புதுசு வேய்வார்கள் என்றதும் தம்பி அண்ணாந்து பார்த்தான். ஈர மண்ணைப் பிரசாதமாகக் கையில் வைத்ததும் சித்தி அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். தூண்களில் மகாவீரரும் பார்சுவநாதரும் இருப்பதைக் காட்டினேன். சமணக் கோவிலாக இருந்த இடம் என்று படித்தவர்கள் சொல்வது அதை வைத்துத்தான்.

தக்கலை போய்ச் சேர்ந்தால் அரண்மனைக் கதவு சாத்தியிருந்தது. திங்கள்கிழமை விடுமுறை. தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்துக்கொள்வது கேரளத் தொல்லியல் துறை. வெளியூர்க்காரர்கள் இந்தத் திங்கள் கணக்கில் மாட்டுவதை நானே பலமுறை பார்த்துச் சிரித்திருக்கிறேன். அன்றைக்கு என் முறை. குமரி மாவட்டம் வருகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். மரத்தில் அப்படி ஒரு வேலையை வேறு எங்கே போய்ப் பார்ப்பது?

திருவட்டாற்றில் அடுத்த சிக்கல். நம் மாவட்டத்துப் பெரிய கோவில்கள் பலவற்றில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த பூமி, வழிபாட்டில் மலையாள முறை இன்னும் ஓடுகிறது. தம்பி ஜீன்ஸில் வந்திருந்தான். ஓடிப்போய் ஒரு வேட்டி வாங்கி, அதைக் கட்டத் தெரியாமல் காரின் மறைவில் நின்று முழித்து, நான் போய்க் கட்டிவிட்டேன். ஆதிகேசவப் பெருமாள் 22 அடி நீளத்துக்குக் கிடக்கிறார், கல்லில் செதுக்காமல் பல பொருள்களைக் குழைத்துச் செய்த கடுசர்க்கரை யோகத் திருமேனி. ஒரு வாசலில் முகம், ஒரு வாசலில் நடு உடல், ஒரு வாசலில் பாதம் என்று மூன்று வாசல் வழியாகத்தான் முழுக்கப் பார்க்க முடியும். நம்மாழ்வார் பாடிய தலம். 418 வருஷம் கழித்து 2022 ஜூலையில்தான் அங்கே கும்பாபிஷேகம் நடந்தது. இதையெல்லாம் தம்பியிடம் சொல்லிக்கொண்டே நடந்தேன், அவன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தான். பாதத்து வாசலில் சித்தி ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றாள். "அம்மா, டைம் ஆச்சு" என்றான்.

சுசீந்திரம் வந்து சேரும்போது மணி ஒன்று. திருவிழாக் கூட்டத்தால் காரை ரொம்பத் தள்ளி நிறுத்த வேண்டியதாயிற்று. செருப்பைக் காரிலேயே போட்டுவிட்டு இறங்கினோம். அதுதான் அன்றைய பெரிய முட்டாள்தனம். மார்கழியாக இருந்தாலும் ஒரு மணி வெயிலில் தார்ரோடு காலைப் பொரித்துவிடும். சித்தி ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, நிழல் கண்ட இடத்தில் நின்று நின்று வந்தாள். கோபுரத்துக்குக் கீழே வந்து நின்றால் நடை சாத்தியாகிவிட்டது. சாயங்காலம்தான் திறப்பார்கள்.

தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்தோம். தம்பிக்கு முகமே இல்லை. சித்தி காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு சிரித்தாள். "இந்திரனே ராத்திரி பூராக் காத்துக் கெடந்துதான் இங்க பூசை பண்ணுகான், கேட்டியா. நீ ஒரு மணிக்கு ஓடி வந்து பாத்துரணும்னா நடக்குமா மக்கா?"

சொன்னது வேடிக்கைக்கு என்றாலும் கதை அந்த ஊருடையது. அகலிகை விஷயத்தில் சாபம் வாங்கிய இந்திரன் இங்கே வந்து சுத்தமானான், அதனால் சுசீந்திரம் என்பார்கள். இன்றைக்கும் அர்த்தஜாமப் பூசைக்கு அவனே வருகிறான் என்பது நம்பிக்கை. இரவு நடை சாத்தும் பூசாரியே மறுநாள் காலை திறக்க மாட்டார். உள்ளே கண்டதை வெளியே சொல்வதில்லை என்று அவர்கள் சத்தியம் செய்வதாகச் சின்ன வயசிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம்.

சாயங்காலம் வரை காத்திருக்கலாம் என்றேன். பட்டியல் விடவில்லை. கன்னியாகுமரி போகிற வழியில் வழுக்கம்பாறை வந்ததும் சித்தி கண்ணாடியைத் தட்டிக் காட்டினாள். குமரியைக் கல்யாணம் கட்ட ராத்திரியோடு ராத்திரியாகச் சுசீந்திரத்திலிருந்து கிளம்பிய சிவன், நாரதர் சேவல் மாதிரிக் கூவியதும் முகூர்த்தம் தப்பியதென்று நினைத்துத் திரும்பிய இடம். சமைக்காமல் கிடந்த கல்யாண அரிசிதான் குமரிக் கடற்கரையில் பல நிறத்து மணலாகிக் கிடக்கிறது என்பது கதை. "சிவனுக்கே இந்த ரோட்டுல நேரம் தப்பிப் போச்சு" என்றாள். தம்பி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தான்.

கன்னியாகுமரியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. படகு வரிசை கோவிலையும் தாண்டி நின்றது, எங்கள் முறை வருமுன்னே முடித்துவிட்டார்கள். சூரியன் மேகத்துக்குள் போய்விட்டது.

மறுநாள் விடியுமுன்னே சித்தி எழுந்து, குளித்து, கைத்தறிப் புடவையில் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். "அவன் கெடக்கட்டும். நாம ரெண்டு பேரும் பஸ்சுல போவோம், என்ன?"

அண்ணா பேருந்து நிலையத்தில் டவுன் பஸ் ஏறினோம். பெண்களுக்குக் கட்டணமில்லை என்றதும் அவள், "என்னைக் காசில்லாமக் கோவிலுக்குக் கொண்டுபோற முதல் ஆளு இந்த டிரைவருதான்" என்றாள். கோட்டாறு தாண்டிச் சுசீந்திரம் குளக்கரை வந்தபோது வெளிச்சம் பரவத் தொடங்கியிருந்தது. தண்ணீரில் கூழைக்கடாக்கள் நின்றன. இந்தக் குளமும் தேரூர்க் குளமும் சேர்ந்து 2022இல் ராம்சர் என்கிற உலக ஈரநிலப் பட்டியலுக்குள் போயிருக்கின்றன. கேமராவோடு வருகிறவர்கள் கோவிலுக்கு முன்னால் இங்கே இறங்கிவிடலாம். கவிமணியின் ஊரான தேரூரும் பக்கத்தில்தான்.

அந்த நேரத்துக் கோவிலைப் பற்றி எப்படிச் சொல்ல? ராஜகோபுரம் 134 அடி, ஏழு நிலை. பகலில் அதன் சுதை உருவங்கள் நம் கண்ணை இழுத்து நிறுத்திவிடும். விடியற்காலையில் அது வெறும் கறுத்த உருவமாக நிற்கிறது, கூட்டம் அடியில் சலசலத்துக்கொண்டு உள்ளே போகிறது. செருப்பை வாசலிலேயே பாதுகாக்கிற இடத்தில் விட்டோம், பட்டதால் வந்த புத்தி. சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டேன்.

உள்ளே போனதும் சித்தி மூலவரைப் பார்க்கப் போகவில்லை. பிராகாரத்தில் நேராக நடந்தாள். தாணு, மால், அயன், அதாவது சிவன், திருமால், பிரம்மா மூவரும் ஒரே மூர்த்தியாக இருக்கிற கோவில், முதலில் அங்கே போவோமே என்று இழுத்தேன். "பைய வா" என்றாள்.

பிராகாரத்துத் தூண்களில் விளக்கேந்திய பாவைகள் வரிசையாக நிற்பார்கள், கையில் அகல் தாங்கி. அவற்றை எண்ணிக்கொண்டு போனவள் ஓரிடத்தில் நின்றாள். "இது நான்" என்றாள். அதற்கடுத்த தூணைக் காட்டி, "அது அக்கா."

அக்கா என்றது என் அம்மாவை. அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது.

சின்ன வயசில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பாவையைப் பிடித்து வைத்திருந்தார்களாம். கோவிலுக்கு வரும்போதெல்லாம் அவரவர் பாவையின் கையில் ஒரு பூ வைக்க வேண்டும். சண்டை போட்ட நாளில் ஒருத்தி மற்றவள் பாவையின் பூவை எடுத்துத் தன் பாவைக்கு வைத்துவிடுவாள். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். அகலைத் தாங்கிய குவிந்த கைகளில் எண்ணெய் இறங்கி இறங்கிக் கல் கறுத்து மினுங்கியது. கட்டைவிரல் நகம்கூடச் செதுக்கியிருந்தான் சிற்பி. மூக்கின் நுனி கொஞ்சம் தேய்ந்திருந்தது. நாற்பத்தெட்டு வயசில், நூறு தடவைக்கு மேல் நடந்த பிராகாரத்தில், அந்த முகத்தை நான் அன்றைக்குத்தான் பார்க்கிறேன். சித்தி தலையிலிருந்த பிச்சிப்பூவில் இரண்டு கிள்ளி இரண்டு பாவைக்கும் வைத்தாள்.

அதற்கப்புறம்தான் கோவிலே பார்த்தோம். அவள் வழிகாட்ட, நான் பின்னால் நடந்தேன். முதலில் சிறு பாறை மேல் இருக்கிற கைலாசநாதர் சந்நிதிக்குப் போகச் சொல்லி என்னை மட்டும் ஏற்றினாள். கோவிலின் ரொம்பப் பழைய பகுதிகளில் ஒன்று அது. பாறையில் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அந்தச் சுழி எழுத்துக்கு முன்னால் ஒரு ஐந்து நிமிஷம் நின்றால், கோபுரத்தைப் பார்த்து வருகிற பிரமிப்பைவிட வேறு மாதிரி ஒன்று தோன்றும். வருகிறவர்களில் பலர் அங்கே ஏறுவதே இல்லை.

தலமரமான கொன்றை, வசந்த மண்டபத்து மேல்கூரையில் கல்லில் செதுக்கிய நவக்கிரகங்கள் (இங்கே நவக்கிரகத்தை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும், கழுத்து வலிக்காரர்கள் கவனம்), தூணில் பெண்ணுருவாய் இருக்கிற விக்னேஸ்வரி, சுதையில் செய்த பெரிய வெள்ளை நந்தியான மாக்காளை என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். அலங்கார மண்டபத்தில் இசைத்தூண்கள். ஒரே கல்லில் சிறு சிறு தூண்களாகக் கொத்தாகக் குடைந்தவை, தட்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாதம். தட்டிப் பார்க்க ஆசைப்படாதீர்கள். எங்களுக்குப் பக்கத்தில் ஒருவர் குடும்பத்துக்கு முன்னால் கெத்தாக மோதிர விரலால் தட்டப் போக, சித்தி, "எய்யா, தலைமுறை தலைமுறையா அடி வாங்கியாச்சு அது, விட்டிரும்" என்றாள். அவர் கையை எடுத்துவிட்டார்.

அனுமார் சந்நிதியில்தான் கூட்டம். சுமார் 18 அடி, ஒரே கல். வெண்ணெய் சாத்துவது, வடைமாலை, வெற்றிலை மாலை எல்லாம் நேர்ச்சையாகச் செய்கிறார்கள். அனுமன் ஜெயந்தியன்றும் சனிக்கிழமைகளிலும் நின்று கும்பிட இடம் கிடைப்பது பாடு, முட்டுவலிக்காரர்களை அன்றைக்குக் கூட்டிவர வேண்டாம். அன்று செவ்வாய், காலை வேளை, நின்று பார்க்க முடிந்தது.

வெளியே வந்து தேரோடும் வீதியில் சுக்குக்காப்பி குடித்தோம். சித்தி ஒரு விஷயம் சொன்னாள், அவள் அப்பா சொல்லிக் கேட்டது. இந்த வீதியில் எல்லாரும் நடக்க முடியாத காலம் இருந்தது. கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926இல் இங்கே சத்தியாகிரகம் நடந்தது. முன்னின்றவர்களில் ஒருவர் டாக்டர் எம். இ. நாயுடு. 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்த பிறகுதான் எல்லாருக்கும் கதவு திறந்தது. இதே கோவிலில்தான் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரியைக் கொதிக்கிற நெய்யில் கைவிடச் செய்கிற கைமுக்கு வழக்கமும் இருந்தது, 1834இல் சுவாதித் திருநாள் காலத்தில் நின்றது. சிற்பத்தைப் பார்த்து வியக்கிற கண்ணால் இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். காப்பிக்கடைப் பலகையில் ஐந்து பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யார் என்ன ஆள் என்று ஒருத்தருக்கும் தெரியாது.

அன்று திருவிழாவின் மூன்றாம் நாள். சாயங்காலம் தம்பியையும் இழுத்துக்கொண்டு மறுபடி வந்தோம், இந்த முறை வேட்டியோடு. மக்கள்மார் சந்திப்பு அன்றிரவுதான். அப்பா அம்மாவின் திருவிழாவுக்குப் பிள்ளைகள் வருவது. கோட்டாற்று வலம்புரிப் பிள்ளையாரும், வேளிமலைக் குமாரசாமியும், மருங்கூர்ச் சுப்பிரமணியரும் ஊர் தாண்டி வந்து சேர்வார்கள். வந்தவர்கள் திருவிழா முடிகிறவரை இங்கேதான் தங்கல்.

சந்திப்பு எப்போது நடக்கும் என்று தம்பி மூன்று தடவை கேட்டான். சாமி வரும்போது நடக்கும் என்றாள் சித்தி. திருவிழாவுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான், நோட்டீஸில் போட்ட நேரத்துக்குக் கடிகாரத்தைச் சரிபார்க்க வேண்டாம். சுவரோரம் முதுகு சாய ஓர் இடம், ஒரு பாட்டில் தண்ணீர், வயசானவர்களுக்கு உட்கார ஒரு மடிப்புத் துணி, இது போதும். பையைக் குறைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் ஆள் தவறினால் எங்கே நிற்பது என்று முதலிலேயே பேசி வையுங்கள். எங்கள் இடம் தெப்பக்குளத்தின் வடக்குப் படி. தம்பி இரண்டு முறை அங்கே போய் நின்றான்.

மேளம் கிட்டே வந்ததும் சனம் எழுந்தது. தீவட்டி வெளிச்சத்தில் வாகனங்கள் முன்னுக்கும் பின்னுக்கும் அசைய, குரவைச் சத்தம் எழும்ப, சித்தி எக்கி எக்கிப் பார்த்தாள். தம்பி போனை எடுத்தான், ஏதோ நினைத்துக்கொண்டு பைக்குள் போட்டான். அப்புறம் அம்மாவின் இடுப்பைப் பிடித்து, பக்கத்துக் கல்மேடையில் ஏற்றி நிறுத்தினான்.

திரும்பும்போது ராத்திரி பதினொன்று தாண்டிவிட்டது. மறுநாள் சாயங்காலம் அவர்களுக்குக் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் டிக்கெட். வீட்டில் சோற்றோடு தீயலைப் பிசைந்துகொண்டே சித்தி, ஒன்பதாம் நாள் சப்தாவர்ணம் எப்படி நடக்கும் என்று தம்பிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். காலையில் மூன்று தேர் ஓடும், மாவட்டத்துக்கே லீவு. நடுராத்திரியில் பிள்ளைகள் அப்பா அம்மாவிடம் விடைபெறுவார்கள். "போறாப்ல போவாவ. திரும்பி வருவாவ. மறுபடி போவாவ. பாத்துட்டு நிக்க எல்லாரும் அழுவாவ. நானும் அக்காவும் வருஷா வருஷம் அழுவோம். எதுக்குன்னே தெரியாது."

தம்பி சாப்பிட்ட கையோடு உட்கார்ந்திருந்தான். எனக்கு மட்டிப்பழம் உரித்துக்கொண்டிருந்த சித்தி, நிமிராமலே கேட்டாள்.

"மக்கா, ஒரு டிக்கெட்டை மட்டும் கேன்சல் பண்ண முடியுமாலே?"

"முடியும் சித்தி."

"அப்ப என்னோடதைப் பண்ணிரு. அவனுக்கு ஆபீசு இருக்கு."

தம்பி எழுந்து கை கழுவிவிட்டு வந்தான். போனை எடுத்துக் கொஞ்ச நேரம் எதையோ தட்டிக்கொண்டிருந்தான். "அண்ணா, எனக்கு ஒம்பதாம் நாளுக்கு வர்ற மாதிரி நாகர்கோவிலுக்கு தட்கல் எப்போ ஓபன் ஆகும்?" என்றான்.